எழுபது சதவீதத்துக்கு நாலு வளைவு

போடிநாயக்கனூர் பசுஞ்சாரல் கலை அறிவியல் கல்லூரியில் முதலாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் தரைத்தளத்தில் நடக்கும். மூன்றாம் ஆண்டு வந்துவிட்டால் மாடி. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. மாடிப்படி என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள், ஏறிப் போய்விடலாம்.

சிலமலை அமுதவள்ளியால் ஏற முடியாது. சின்ன வயதில் முதுகுத்தண்டில் வந்த கட்டி ஒன்றை மதுரையில் வைத்து எடுத்தார்கள். அன்றிலிருந்து இரண்டு காலும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. சக்கர நாற்காலியில்தான் எல்லாப் போக்குவரத்தும். வணிகவியலில் இரண்டு ஆண்டுகளை ஒரு அரியர் இல்லாமல் முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் மாடிப்படியின் அடியில் வந்து மாட்டிக்கொண்டாள்.

கூடப் படிக்கிற பெண்கள் நாலு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு போய் மாடியில் வைத்தார்கள். இறங்கும்போதும் அப்படியே. ஒரு வாரம் இது நடந்தது. தூக்கியவர்களுக்குத் தோள் வலி, தூக்கப்பட்டவளுக்குக் கூச்சம். கடைசியில் அமுதவள்ளி கல்லூரி முதல்வர் முனைவர் முனியசாமியைப் போய்ப் பார்த்தாள்.

"சார், கீழ கடைசியில ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்கு. எங்க கிளாஸ மட்டும் அங்க மாத்திக் குடுங்க சார். அது போதும்."

இதைக் கேட்டு முதல்வர் கண் கலங்கிவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவ்வளவு நாளாக இந்தக் கல்லூரி இந்தத் துறையில் ஒன்றுமே செய்யவில்லையே என்று அவருக்குத் தாங்கவில்லை. அன்று மாலையே நிர்வாகக் கமிட்டியைக் கூட்டி, 'மாற்றுத்திறனாளி மாணவர் ஆதரவு மையம்' ஒன்றைத் தொடங்கினார். மையத்துக்கு அலுவலகம் வேண்டுமே. கீழே கடைசியில் ஒரு அறை சும்மா கிடந்தது. அதில் ஏசி போட்டு, சோபா போட்டு, கதவில் பலகை மாட்டினார்கள்.

"இனிமேல் உனக்கு எந்தக் குறை என்றாலும் நீ இந்த அறைக்கு வரலாம்" என்றார் முதல்வர்.

அமுதவள்ளி தலையாட்டினாள். என்ன நடந்தது என்று அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நமக்கும்தான்.

அவளுடைய அப்பா சின்ராசு ஜீப்பு ஓட்டுபவர். விடியுமுன் சிலமலையிலும் போடியிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டி ஏலக்காய்த் தோட்டங்களில் இறக்கிவிடுவார். மற்ற ஜீப்புக்காரர்கள் சாயங்காலம் வரை மேலேயே படுத்துக் கிடப்பார்கள். சின்ராசு மட்டும் காலி வண்டியோடு இறங்கி வந்து மகளைக் கல்லூரியில் விட்டுவிட்டு மறுபடி மலையேறுவார். அந்தக் காலி ஜீப்புக்கு யார் டீசல் போடுவது என்று வண்டி முதலாளி வருகிறபோதெல்லாம் கேட்பார்.

"மூணு வருசம்னு சொல்லித்தான் அவருகிட்ட கேட்டிருக்கேன் ஆத்தா. நாலாவது வருசம்னா சாவியப் பிடுங்கிருவாரு. ஒரு பரீட்ச விட்டாலும் காய் பொறுக்கத்தான் போகணும், பாத்துக்க" என்று மகளிடம் சொல்வார் சின்ராசு.

காய் பொறுக்குவது என்றால் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து, பச்சையும் வெளுப்பும் பெருசும் சிறுசுமாகப் பிரித்துப் போடுகிற வேலை. அமுதவள்ளி அதைப் பள்ளி விடுமுறையில் செய்திருக்கிறாள். அது அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. பட்டம் வாங்கி வங்கித் தேர்வு எழுத வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஒரே நினைப்பு.

மையத்தின் ஒருங்கிணைப்பாளராக ஆங்கிலத் துறைப் பேராசிரியை ஷீலா வந்தார். நல்ல மனுஷி. சுறுசுறுப்பு என்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு. பொறுப்பேற்ற அன்றே தூக்கிச் செல்வதைத் தடை செய்தார்.

"நாலு பேர் உன்னைத் தூக்கிக்கொண்டு போவது உன் கண்ணியத்துக்கு எதிரானது அமுதா."

"சரிங்க மேடம். அப்ப எப்பிடி மேல போறது?"

"அதற்குத்தான் மையம் யோசித்துக்கொண்டிருக்கிறது."

மையம் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் அமுதவள்ளி மாடி வகுப்பறைக்கு நேர் கீழே, வேப்பமர நிழலில் இருந்து பாடம் கேட்டாள். ஒரு தோழி போனில் அழைத்து மேசைமேல் வைத்துவிடுவாள். வருகைப் பதிவின்போது மட்டும் அமுதவள்ளி கீழிருந்து தொண்டை கிழிய "உள்ளேன் ஐயா" என்று கத்த வேண்டும். வெளியே இருந்துகொண்டு உள்ளேன் என்று சொல்வது செல்லுமா என்று கணக்கியல் ஆசிரியருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நல்லவேளையாக அவர் அதை மையத்திடம் கேட்கவில்லை.

அடுத்தது அனுபவ நாள். துறைக்கு ஒருவராக ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு மணி நேரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மாற்றுத்திறனாளியின் வாழ்க்கையை உணர வேண்டும் என்று ஷீலா ஏற்பாடு செய்தார். கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு சக்கர நாற்காலி. அதில் அமுதவள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளை மையத்து சோபாவில் இறக்கி வைத்துவிட்டு நாற்காலியைக் கொண்டுபோனார்கள். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக உணர்ந்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை அமுதவள்ளி சோபாவிலேயே இருந்தாள். ஏசியில் நடுங்கினாள், ஆனால் ஸ்விட்ச் எட்டவில்லை.

மாலையில் முதல்வர் மைக் பிடித்தார்.

"அன்பு மாணவச் செல்வங்களே, ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் அமர்ந்தேன். என்ன வேதனை, என்ன வேதனை. முதுகு பிடித்துக்கொண்டது. இருக்கை சரியில்லாவிட்டால் ஒரு மனிதன் எவ்வளவு துன்பப்படுகிறான் என்பதை இன்றுதான் புரிந்துகொண்டேன். ஆகவே என் அறைக்கு மெத்தை வைத்த சுழல் நாற்காலி ஒன்று வாங்க உத்தரவிட்டிருக்கிறேன். இந்த விழிப்புணர்வுக்குக் காரணமான மாணவியை மனமாரப் பாராட்டுகிறேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. அமுதவள்ளியும் தட்டினாள். ஆள் வந்து சோபாவிலிருந்து தூக்கும்வரை வேறு சோலி இல்லை.

அதன்பிறகுதான் சாய்தளம் வந்தது.

மாடிக்குச் சக்கர நாற்காலி போக ஒரு சாய்தளப் பாதை கட்டுவது என்று கமிட்டி முடிவெடுத்தது. இங்கே கமிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. உறுப்பினர்கள் எல்லாரும் ஏலக்காய் வியாபாரிகள், மலையில் தோட்டம் உள்ளவர்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் உயரத்துக்குப் போனது எல்லாம் போடிமெட்டு மலைப்பாதையின் வளைவுகள் வழியாக, ஜீப்பில்தான். வேலையை எடுத்தவர் காண்ட்ராக்டர் சாம்சன். வாழ்நாளெல்லாம் எஸ்டேட் ரோடு போட்டவர். வீடு கட்டியதில்லை, பள்ளிக்கூடம் கட்டியதில்லை. மலையில் ரோடு போடுவார், ரோடு சரியாமல் இருக்கச் சுவர் எழுப்புவார், அவ்வளவுதான்.

எங்கேயோ பார்த்ததை வைத்துச் சாம்சன் முதலில் நேர்க்கோடாக ஒரு படம் போட்டுக்கொண்டு வந்தார். கமிட்டிச் செயலர் சுந்தரராஜ் அதைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"என்னண்ணே இது, நேரா ஏத்தி வச்சிருக்கீக. ஏத்தம்னா வளைவு வேணும்ல?"

"எனக்கும் அதான் சாரே மனசுக்குள்ள உறுத்துச்சு" என்றார் சாம்சன். "வளைவு இல்லாம ஒரு ரோடு போட்டா நாளைக்கு மலையில எவன் என்னை மதிப்பான்?"

எல்லாரும் நிம்மதியானார்கள். அந்த இடத்தில் யாராவது ஒருவர், இது ஜீப்பு இல்லையே, ஒரு பிள்ளையின் நாற்காலிதானே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் போடிக்காரர்கள். ஏற்றத்தை அவர்கள் வேறு மாதிரி பார்த்ததே இல்லை.

மூன்று மாதத்தில் பாதை எழும்பியது. போர்ட்டிகோவில் கிளம்பி, நிறுவனர் சிலையைச் சுற்றி, கேண்டீனுக்குப் பின்னால் போய், சைக்கிள் ஸ்டாண்டு மேலாகத் திரும்பி, ஆறு கொண்டை ஊசி வளைவுகளுடன் மாடியைத் தொட்டது. இருபுறமும் நெஞ்சு உயரச் சுவர். மழைத்தண்ணீர் போக ஓரத்தில் வாய்க்கால். சுவரும் வாய்க்காலும் இடத்தை எடுத்துக்கொண்டதால், நடுவில் ஒரு நாற்காலி போகிற அளவுக்குத்தான் பாதை. வளைவுக்கு வளைவு குவிந்த கண்ணாடி, கறுப்பு மஞ்சள் பட்டை, 'ஒலி எழுப்பவும்' என்று பலகை. மூன்றாவது வளைவில் மலையைப் பார்க்க ஒரு காட்சி முனை வேறு.

நாற்காலியில் ஹாரன் இல்லையே என்று அமுதவள்ளி கேட்டாள். மையம் உடனே நடவடிக்கை எடுத்தது. ஐஸ் வண்டிக்காரர் வைத்திருப்பதுபோல ஒரு ரப்பர் ஹாரனை, பொன்னாடை போர்த்தி அவளுக்கு வழங்கினார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் சின்ராசு வந்து பார்த்தார். மகளுக்காக இரண்டு வார்த்தை கேட்பார் என்று அமுதவள்ளி நம்பியிருந்தாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். குனிந்து தளத்தின் சாய்வைப் பார்த்தார்.

"சும்மா சொல்லக் கூடாது ஆத்தா. நம்ம மெட்டு ரோட்டுல கூட இப்பிடி ஒரு வளைவு கெடையாது."

"எப்பா, வளைவுல தரை உள்பக்கமாச் சரிஞ்சு கெடக்கு. நாற்காலி செவுத்துல போய் ஒட்டிக்கிருது."

"அது வேகத்துக்குப் போட்டது. செகண்டு கியர்ல வந்தா சும்மா பூ மாதிரி திரும்பும்."

அமுதவள்ளிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டாள். சுவரைக் கையால் தள்ளித் தள்ளித் திரும்பிவிடலாம் என்று அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். வருகிற செமஸ்டர் தேர்வு மாடிக் கூடத்தில்தான். எப்படியாவது மேலே போய்விட்டால் போதும்.

அப்போதுதான் தகுதிப் பிரச்சினை கிளம்பியது. சலுகையைக் கண்டவர்களும் அனுபவித்துவிடக் கூடாது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, பெருவெட்டு ஒரு பக்கம், நடுவெட்டு ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம் என்று பிரித்தே பழகியவர்கள். தரம் பிரிக்காமல் ஒரு பொருளை வெளியே விட அவர்களுக்குக் கை வராது. அமுதவள்ளியின் அரசுச் சான்றிதழில் ஊனம் எழுபது சதவீதம் என்று இருந்தது.

"நூறு சதவீதத்துக்கு ஆறு வளைவுன்னா, எழுபதுக்கு எத்தன?" என்றார் சுந்தரராஜ்.

கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நாலே கால் வளைவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

"நாலு வளைவு குடுங்க. மிச்சத்தக் கழிவுல தள்ளிருங்க."

நாலாவது வளைவில் இரும்புக் கதவு போட்டு, காவலாளி மொக்கச்சாமியை நிறுத்தினார்கள். விஷயம் தெரிந்ததும் அமுதவள்ளி மையத்துக்குப் போனாள்.

"மேடம், நாலு வளைவு ஏறி நான் என்ன செய்ய? அங்க கேண்டீன் கூரைதான் இருக்கு."

"அமுதா, தகுதிக்கு மேல் உதவி செய்தால் உன் தன்னம்பிக்கை குறைந்துவிடும். மீதி இரண்டு வளைவையும் நீயே கடக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நோக்கம்."

"எப்பிடி மேடம்?"

"மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். உன் சதவீதம் கூடினால் எங்களுக்கும் சந்தோஷம்தானே."

அன்று அமுதவள்ளி அழுதாள். கோபத்தில் வந்த அழுகை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஜீப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். இரண்டு வருஷம் விழுந்து விழுந்து படித்தது கேண்டீன் கூரைக்குப் பக்கத்தில் முடிந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

முதல் தேர்வு நாள் வந்தது. அன்றைக்கே சாய்தளத் திறப்பு விழாவையும் வைத்துவிட்டார்கள். பயனாளி தேர்வு எழுத முதல் பயணம் போவதைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு உயர் அதிகாரி சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். மலைக்குக் கிளம்புகிற வண்டிக்குச் செய்வதெல்லாம் நாற்காலிக்கும் செய்தார்கள். சூடம் காட்டி, சந்தனம் பூசி, இரண்டு பெரிய சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அமுதவள்ளி பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தாள். ஹாரன் அடித்தாள்.

அவளுக்குப் பின்னால் மாலையும் பொன்னாடையுமாகச் சிறப்பு விருந்தினர். அவருக்குப் பின்னால் செயலர். அடுத்து முத்திரையிட்ட கேள்வித்தாள் கட்டைக் கையில் பிடித்தபடி முதல்வர். பிறகு ஷீலா. கடைசியில் நாதஸ்வரமும் தவிலும். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும் என்பதால் ஊர்வலம் நீளமாக, பார்க்க லட்சணமாக இருந்தது.

நாலாவது வளைவில் மொக்கச்சாமி கதவை மூடிக்கொண்டு நின்றார்.

"எழுவது சதவீதம். இம்புட்டுத்தான் தாயி."

"கதவத் தொற மொக்கச்சாமி" என்றார் செயலர் பின்னாலிருந்து. "நாங்கதான் வந்திருக்கோம்ல."

"நீங்களும் சதவீதம் சொல்லணும்ங்கய்யா. நீங்க போட்ட சட்டம்." மொக்கச்சாமி எட்டிப் பார்த்தார். "முன்னால மாலையோட நிக்கிறாரே, அந்த ஐயாவுக்கு எத்தன?"

"அவருக்கு நூறுய்யா" என்றார் செயலர், மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று.

சிறப்பு விருந்தினர் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"நூறுன்னா போகலாம். ஆனா முன்னால இந்தப் புள்ள நிக்கிதே. வளைவுல முந்தக் கூடாதுன்னு பலகை இருக்கு. அதுவும் போக, சாவி எங்கிட்ட இல்ல."

சாவி மையத்து பீரோவில் இருந்தது. ஷீலா இறங்கிப் போய் எடுத்து வரலாம், ஆனால் பின்னால் தவில். தவில்காரரை அனுப்பலாம், ஆனால் வெளியாள் பீரோவைத் திறக்கக் கூடாது. எல்லாரும் இறங்கலாம் என்றால், காலையில் ஏற்றம் மாலையில் இறக்கம் என்று ஒருவழிப் பாதையாக அறிவித்திருந்தார்கள். வெயில் ஏறியது. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடைக்குள் வேர்த்துக் கொட்டியது. மெட்டு ரோட்டில் மண் சரிந்து வண்டிகள் நின்றால் என்ன நடக்குமோ அதுவே இங்கும் நடந்தது. கேண்டீன்காரர் கூரைமேல் ஏறி, சுவருக்கு மேலாக டீ கொடுக்கத் தொடங்கினார்.

தேர்வு மணி அடித்தது. மேலே கேள்வித்தாள் வரவில்லை. அது வளைவில் முதல்வர் கையில் இருந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கி வந்து தரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அமுதவள்ளிக்கு இந்த ஒரு தாள் போனால் எல்லாம் போயிற்று. நாற்காலியைத் திருப்ப இடமில்லை. முன்னால் இருந்த கதவைப் பார்த்தபடியே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சார், கேள்வித்தாள் உங்க கையில இருக்கு. பிள்ளைக எல்லாம் கீழ வந்துட்டாக. மாடியில யாருமே இல்ல. கீழயே வச்சுருவமா சார்?"

"தரைத்தளத்தில் மூன்றாம் ஆண்டுத் தேர்வா?" முதல்வர் திடுக்கிட்டார். "அப்படி ஒரு வழக்கமே இங்கே கிடையாதே அம்மா."

"எங்க வேணாலும் வைங்கய்யா" என்றார் சிறப்பு விருந்தினர். "முதல்ல என்னை வெளியே விடுங்க."

"இறங்கக் கூடாதுங்கய்யா" என்றார் மொக்கச்சாமி.

செயலர் யோசித்தார். இத்தனை காலம் ஏலக்காய் ஏலத்தில் உட்கார்ந்த மூளை சும்மா இருக்குமா.

"இறங்க வேணாம். ரிவர்ஸ்ல போவோம். மூஞ்சி மேல பாத்துக்கிட்டு இருக்கற வரைக்கும் அது ஏத்தம்தான்."

இதை மொக்கச்சாமியாலும் மறுக்க முடியவில்லை. விழா பார்க்கக் கீழே நின்ற சின்ராசு தோளில் கிடந்த துண்டை உதறி எடுத்தார். முப்பது வருஷமாக மலையில் வண்டி ஒதுக்கிய குரல் அது.

"தவிலு, வாங்க. வாங்க. வாங்க. லேசா இடது ஒடிங்க. மேடம், கண்ணாடியப் பாத்து வாங்க. பிரின்சிபாலு அப்பிடியே நேரா. மாலை போட்ட ஐயா, பின்னாடி வாய்க்கா இருக்கு, ஒடிச்சு வாங்க, ரைட்டு, ரைட்டு."

மாலையும் பொன்னாடையும் கேள்வித்தாளும் முதுகு காட்டியபடி வளைவு வளைவாக வந்தன. கடைசியாக அமுதவள்ளி, பின்னோக்கி, ஹாரன் அடித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

தேர்வை மையத்து அறையிலும் வராந்தாவிலும் நடத்தினார்கள். அமுதவள்ளி ஏசி அறையில் கடைசி வரி வரை எழுதினாள். கை வலிக்க வலிக்கச் சந்தோஷமாக எழுதினாள்.

முடித்ததும் ஷீலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மனம் திறந்து சொல் அமுதா. இந்த ஆண்டு மையம் செய்த உதவிகளில் எது உனக்கு அதிகமாகப் பயன்பட்டது?"

அமுதவள்ளி பேனாவை மூடினாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"ரோடு பிளாக் ஆச்சுல்ல மேடம், அதுதான்."

ஷீலாவுக்குப் புல்லரித்துவிட்டது. பயனாளியின் வாயிலிருந்தே வந்த கருத்து. அன்று மாலையே கமிட்டி கூடியது. மறுநாள் காலை சுற்றறிக்கை வந்தது. இனி ஒவ்வொரு தேர்வு நாளிலும் காலை ஒன்பதரை மணிக்குச் சாய்தளத்தின் நாலாவது வளைவில் போக்குவரத்து நெரிசல் ஏற்படுத்தப்படும். முதல்வரும் செயலரும் ஒருங்கிணைப்பாளரும் தவறாமல் மாட்டிக்கொள்ள வேண்டும். சிறப்பு விருந்தினருக்கு மாலை உண்டு.

அப்படியே நடந்தது. இரண்டாவது தாளுக்கு அரிசி ஆலை அதிபர் ஒருவர் வந்து மாட்டினார். மூன்றாவதுக்கு ஓய்வு பெற்ற வட்டாட்சியர். சாம்சன் நாலாவது வளைவில் 'நெரிசல் பகுதி' என்று பலகை வைத்தார். கேண்டீன்காரர் முந்தின நாளே கூடுதல் பாலுக்குச் சொல்லி வைத்தார். எல்லாரும் ஏறுவார்கள், நிற்பார்கள், வேர்ப்பார்கள், பின்னோக்கி இறங்குவார்கள், தேர்வு கீழே நடக்கும். மையத்துக்கு மாநில அளவில் விருது கிடைக்கலாம் என்று பேச்சு.

கடைசித் தேர்வு நாளன்று காலை, சின்ராசு ஜீப்பிலிருந்து மகளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். போர்ட்டிகோவில் செயலர் பின்னோக்கி நடந்து பழகிக்கொண்டிருந்தார்.

"ஏன் ஆத்தா, எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல" என்றார் சின்ராசு. "தெனமும் மேல கூட்டிட்டுப் போயி நிப்பாட்டி, திரும்பக் கீழ கொண்டாந்து, கீழதான எழுத விடுறாக. பேசாம நேரா கீழயே வச்சுட்டா என்னவாம்?"

அமுதவள்ளி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"மெதுவாப் பேசுங்கப்பா. அவுக காதுல விழுந்துச்சுன்னா அதுக்கும் ஒரு கமிட்டி போட்டுருவாக. எனக்கு இன்னும் ஒரு பரீட்ச பாக்கி இருக்கு."